பழகாத கணினியைப் பழகுதல்



பழகிய கருவியைக் கைவிட்டுப் பழகாத கருவியைக் கையிலெடுத்தல் எக்காலத்தும் எவர்க்கும் எளிதான செயலன்று. பெரியநீலாவணைக்குத் தெற்கே அடுத்திருக்கும் மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பேர்போன ஊர். பல்லாண்டு ஒரே தறியில் இருந்து நெய்த முதியவர் ஒருவரை வேறு அமைப்புடைய தறியொன்றில் அமர்த்தினால் என்ன நிகழும்? நூல் அதே நூல்தான். ஊடும் பாவும் அதே ஊடும் பாவுந்தான். ஆயினும் அவருடைய கால் பழைய மிதியைத் தேடும். கை பழைய கயிற்றை நாடும். நெசவு அவருக்கு மறந்து போயிற்றா? இல்லை. நெசவறிவு உள்ளத்தில் இருக்கிறது. தறியின் பழக்கம் கைகால்களில் இருக்கிறது. முன்னதைக் காத்துக்கொண்டு பின்னதை மாற்றிக்கொள்ளுதலே அவர் செய்ய வேண்டுவது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இத்தன்மையதே. ஒரு கணினியில் பல்லாண்டு பழகிய ஒருவர், அல்லது கணினியையே இன்றுதான் தொடும் ஒருவர், தாம் அறியாத பணிசெயல் முறைமை ஒன்றைக் கற்கத் தொடங்கும்போது எவ்வாறு தொடங்க வேண்டும்? எதனை முதலிற் செய்ய வேண்டும்? எதனைச் செய்தலாகாது? இவற்றைச் சற்றே ஆராய்வோம்.

பணிசெயல் முறைமை என்பது யாது? தமிழகத்தார் இதனை இயங்குதளம் என்பர். நம் நாட்டுப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. பாடசாலையின் நேரசூசியை எண்ணிப் பாருங்கள். விளையாட்டிடம் ஒன்று, ஆய்வுகூடம் ஒன்று, வகுப்புகளோ பல. எந்த வகுப்பு எந்த வேளையில் எந்த இடத்தைப் பயன்படுத்துவது என்பதை நேரசூசி வகுத்துத் தருகின்றது. அஃது இல்லையேல் இரு வகுப்புகள் ஒரே வேளையில் ஆய்வுகூடத்தின் வாயிலில் வந்து நிற்கும். கணினியினுள்ளும் நுண்செயலி ஒன்று, நினைவகம் ஒன்று, வன்தட்டு ஒன்று. கடிதம் எழுதும் மென்பொருளும், இணையத்தைக் காட்டும் மென்பொருளும், பாட்டைக் கேட்பிக்கும் மென்பொருளும் இவற்றை ஒருங்கே நாடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடியின் மிகச் சிறு கூற்றைப் பங்கிட்டுக் கொடுத்து, நினைவகத்தில் இடம் ஒதுக்கி, வன்தட்டில் கோப்புகளை அடுக்கி வைத்து, அச்சுப்பொறிக்கும் சாவிப்பலகைக்கும் இடையே தூதாக நிற்பது பணிசெயல் முறைமையே. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இவற்றுள் ஒன்று. அப்பிள் நிறுவனத்தின் மெக் ஓ.எஸ். மற்றொன்று, லினக்ஸ் இன்னொன்று.

நம்மவரிற் பெரும்பாலோர் கணினி என்றால் விண்டோஸ் என்றே பொருள் கொண்டுவிட்டனர். அங்ஙனமிருக்க, இப்பொழுது வேறொன்றைக் கற்கவேண்டிய தேவை எதனால் வந்தது? 2015ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும், 64 கிகாபைட் சேமிப்பிடமும், பாதுகாப்புக்கென ஒரு தனிக் கூறும் வேண்டும். ஏறக்குறைய 2017ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நுண்செயலிகளைக் கொண்ட கணினிகளிற் பெரும்பாலானவற்றை அப்பதிப்பு ஏற்பதில்லை. அரசாங்கப் பாடசாலைகளின் கணினி அறைகளில் அத்தகைய பழைய கணினிகள் பல உள்ளன. அவை பழுதானவை அல்ல. திரை ஒளிர்கின்றது, சாவிகள் இயங்குகின்றன. அவற்றைக் காக்க ஆளில்லை என்பதே குறை.

புதிய கணினிகளை வாங்கிவிடலாமே என்பார்க்கு 2022ஆம் ஆண்டை நினைவூட்டினாற் போதும். அவ்வாண்டின் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த ஓர் அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறிற்று. வெளிநாட்டிலிருந்து வரும் கணினியின் விலையும் அதனோடு ஏறிற்று. ஆகவே உள்ள கணினியை உயிரோடு வைத்திருக்கும் வழியை அறிந்துகொள்ளுதல் ஏழைப் பாடசாலைக்கும் எளிய குடும்பத்துக்கும் பெருந்துணையாகும். அவ்வழியாக இன்று பலரும் நாடுவது லினக்ஸ்.

லினக்ஸின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டில் யுனிக்ஸ் என்னும் முறைமை பிறந்தது. அதனையொத்த ஒன்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும், பகிரவும், திருத்தவும் ஏற்றவாறு ஆக்குவேன் என்று றிச்சட் ஸ்டோல்மன் என்பார் 1983இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராகிய 21 வயது இளைஞர் லீனஸ் டோவால்ட்ஸ் தாம் பொழுதுபோக்காக எழுதிக்கொண்டிருந்த கருநிரலை உலகுக்கு அறிவித்தார். இவ்விரண்டும் இணைந்தே இன்றைய லினக்ஸ் முறைமைகள் உண்டாயின. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளும் 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் லினக்ஸிலேயே ஓடுகின்றன. அவ்வளவு தொலைவு போவானேன்? உங்கள் சட்டைப் பையிலுள்ள அண்ட்ரொயிட் தொலைபேசியின் அடித்தளமும் லினக்ஸ் கருநிரலே.

இந்தச் செய்தியில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. அண்ட்ரொயிட் தொலைபேசியைப் பயன்படுத்த நமக்கு எந்த வகுப்பில் எவர் கற்பித்தார்? கரைவலை இழுப்பவரும், சந்தையில் மரக்கறி விற்பவரும், பேரப்பிள்ளையின் முகத்தை மத்திய கிழக்கிலிருந்து திரையிற் காணும் பாட்டியும் பழகாத ஒரு பணிசெயல் முறைமையைத் தாமே பழகிக்கொண்டனர். அவர்கள் அதனைக் கற்கவேண்டும் என்று இருந்து கற்றாரல்லர். தமக்கு வேண்டிய ஒரு செயலை, பிள்ளையோடு பேசுதலை, முன்வைத்துக் கற்றனர். கற்றலின் முதல் இரகசியம் இதுவே. முறைமையைக் கற்கப் புறப்படாதீர்கள்; ஒரு வேலையை முடிக்கப் புறப்படுங்கள். வேலை முடியும்போது முறைமையும் கைவந்திருக்கும்.

இனித் தொடங்கும் முறையைப் பார்ப்போம். தொடங்குமுன் செய்யவேண்டுவது ஒன்றுண்டு. உங்கள் கோப்புகளை எல்லாம் வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் அது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி இக்கரையோரத்தைக் கடல் வாரியபோது, உயிரிழப்போடு பிறப்புச் சான்றிதழும், அடையாள அட்டையும், காணி உறுதியும் இழந்து, பின்னர் அலுவலகந்தோறும் அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்திருத்தலின் கேடு நமக்குப் புதியதன்று. மாணவர் புள்ளிப்பட்டியல், அலுவலகக் கடிதங்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றை ஒரு வெளி வன்தட்டிலும், இயலுமாயின் மற்றுமோர் இடத்திலும் படியெடுங்கள். படியெடுத்தபின் அவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பாராத படி இருந்தும் இல்லாததே.

அடுத்து, நிறுவாமலே பழகுங்கள். லினக்ஸிற்கு இவ்வகையில் ஒரு சிறப்பு உண்டு. அதனை ஒரு பென் டிரைவில் எழுதி, அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியை இயக்கலாம். 8 கிகாபைட் கொள்ளளவு போதும். இணையத்தில் அவ்வம் முறைமையின் உரிமைத் தளத்திலிருந்து அதன் பிம்பக் கோப்பை இறக்கி, அதற்கென உள்ள சிறு மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுதவேண்டும். வெறுமனே இழுத்துப் போட்டால் இயங்காது. எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள். பின்னர் அதனைச் செருகிக் கணினியை முடுக்கும்போது, எப் 12, எப் 9, எஸ்கேப் போன்ற ஒரு சாவியை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கணினி கேட்கும். சாவி கணினிக்குக் கணினி வேறுபடும். திரையின் அடியில் ஒரு கணம் தோன்றி மறையும் வரியை உற்று நோக்கினால் அது தெரியும். பென் டிரைவைத் தெரிவு செய்தால் முறைமை நினைவகத்தில் ஏறி ஓடும். நிறுவுக என்னும் படத்தை நீங்கள் அழுத்தும் வரை வன்தட்டிலுள்ள பழைய முறைமைக்கு ஒரு தீங்கும் நேராது. சற்று மெதுவாக ஓடும். அதனைக் குறையாகக் கருத வேண்டா. ஒலி கேட்கின்றதா, இணையம் இணைகின்றதா, அச்சுப்பொறி அச்சிடுகின்றதா என்பவற்றை இந்நிலையிலேயே சோதித்துக்கொள்ளலாம். அச்சுப்பொறி பேச மறுத்தால், அதனை இப்பொழுதே அறிந்தது நன்றன்றோ?

லினக்ஸ் ஒன்றல்ல, பல என்று கேட்டுத் தொடக்கநிலையாளர் மலைப்பர். 1993இல் தோன்றிய டெபியன், 2004இல் தோன்றிய உபுண்டு, 2006இல் தோன்றிய மின்ட் என அதன் வழங்கல்கள் பல. நம் நாட்டிலேயே ஹந்தான என்னும் பெயரில், பெடோரா என்னும் வழங்கலை அடியாகக் கொண்டு ஒன்று தொகுக்கப்பட்டது. இவற்றுள் எது சிறந்தது என்று வாரக்கணக்கில் வாதிடுதல் பயனற்றது. அடித்தளம் ஒன்றாதலின், ஒன்றில் கற்றது மற்றதில் பெரும்பாலும் உதவும். என் எளிய அறிவுரை இது: உங்கள் ஊரில் உங்களுக்கு உதவக்கூடியவர் எதனைப் பயன்படுத்துகின்றாரோ அதனையே தெரிவு செய்யுங்கள். அத்தகையவர் எவரும் இல்லையாயின், விண்டோஸில் பழகிய கண்ணுக்கு அயலாகத் தோன்றாத மின்ட் முறைமையைத் தெரிவு செய்யலாம். அது 2 கிகாபைட் நினைவகத்திலும் ஓடும். 4 கிகாபைட் இருந்தால் இடரின்றி ஓடும். பழைய கணினி மிக மந்தமாயின், சுழலும் வன்தட்டை நீக்கி அசையாப் பாகங்களாலான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், புதுக்கணினி வாங்கும் செலவிற் சிறு பங்கில் அது புத்துயிர் பெறும்.

நிறுவிய பின் முதற் கிழமையில் என்ன செய்யவேண்டும்? நாள்தோறும் நீங்கள் செய்துவந்த ஐந்து வேலைகளை மட்டும் செய்யுங்கள். ஒரு கடிதம் எழுதுங்கள்; அதனைச் சேமியுங்கள்; மறுநாள் தேடி எடுங்கள்; அச்சிடுங்கள்; பென் டிரைவில் இட்டு ஒருவருக்குக் கொடுங்கள். இவ்வைந்தும் தடுமாற்றமின்றி வந்தபின் ஆறாவதற்குப் போகலாம். திரையின் நிறத்தை மாற்றுதல், படங்களை அழகுபடுத்துதல் முதலியவற்றில் முதல் நாளே இறங்குவோர், எதனை மாற்றினோம் என்று அறியாது இடர்ப்படுவர்.

விண்டோஸில் பழகியவர் தடுக்கி விழும் இடங்கள் சில உள. அவற்றை ஒன்றொன்றாகக் காண்போம்.

முதலாவது, கோப்புகள் இருக்குமிடம். விண்டோஸில் சி, டி எனப் பெயரிட்ட தனித்தனி அறைகள் இருந்தன. லினக்ஸில் அவ்வாறில்லை. ஒரே வேரிலிருந்து கிளைக்கும் ஓர் ஆலமரம் போன்றது அதன் அமைப்பு. வன்தட்டும், பென் டிரைவும், யாவும் அம்மரத்தின் கிளைகளே. ஆயினும் நீங்கள் முழு மரத்தையும் அறியவேண்டியதில்லை. உங்கள் பெயரால் ஓர் இல்லக் கோப்புறை உண்டு. உங்கள் உடைமை யாவும் அதனுள்ளேயே இருக்கும். அதற்கு வெளியே உள்ளவை முறைமைக்கு உரியவை. அவற்றில் கைவையாதிருந்தாற் போதும்.

இரண்டாவது, பெயரின் எழுத்து. ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரையும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரையும் லினக்ஸ் வெவ்வேறாகவே கொள்ளும். ஒரே பெயரில் இரு கோப்புகள் இருக்கின்றனவே என்று வியப்பவர், இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மூன்றாவது, மென்பொருள்களைப் பெறும் வழி. விண்டோஸிற்கென ஆன நிறுவற் கோப்புகள் லினக்ஸில் நேரே ஓடா. இணையத்திற் கண்ட தளங்களிலெல்லாம் அலைந்து மென்பொருள் இறக்கும் பழக்கத்தையும் விட்டுவிடவேண்டும். ஒவ்வொரு வழங்கலுக்கும் தனக்கெனச் சோதித்து அடுக்கி வைத்த மென்பொருட் களஞ்சியம் உண்டு. கூட்டுறவுக் கடையிற் பொருள் எடுப்பதுபோல அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவற்றுக்கு விலையில்லை. இற்றைப்படுத்தலும் அவ்வழியே ஒருங்கு நடைபெறும்.

நான்காவது, கடவுச்சொல். மென்பொருளொன்றை நிறுவும்போதும், முறைமையின் உள்ளமைப்பை மாற்றும்போதும் லினக்ஸ் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டச்சுச் செய்யும்போது சிற்சில இடங்களில் திரையில் ஒரு புள்ளியும் தோன்றாது; சாவிப்பலகை பழுதென்று எண்ண வேண்டா. கடவுச்சொல் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும், நான் எதற்கு இசைவு கொடுக்கின்றேன் என்று ஒரு கணம் நின்று எண்ணுங்கள். அந்த ஒரு கணமே பல கேடுகளைத் தடுக்கும்.

ஐந்தாவது, ஆவணங்கள். மைக்ரோசொப்ட் வேர்ட்டுக்கு ஈடாக லிப்ரே ஒபிஸ் என்னும் தொகுதி லினக்ஸில் உண்டு. அது வேர்ட் கோப்புகளைத் திறக்கும், எழுதும். ஆனால் அட்டவணைகளும் படங்களும் நிறைந்த வினாத்தாளொன்றைத் திறந்தால் வரிகள் சிறிது இடம்பெயரக்கூடும். ஆகவே பிறர் திருத்தவேண்டாத ஆவணத்தை அனுப்பும்போது பி.டி.எப். ஆக மாற்றி அனுப்புங்கள்.

நேயர்களே, தமிழராகிய நமக்கு மட்டும் உரிய இடர் ஒன்றுண்டு. அதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பல்லாண்டாகத் தமிழ் ஆவணங்கள் பாமினி என்னும் எழுத்துருவில் எழுதப்பட்டு வந்தன. அங்ஙனம் எழுதிய கடிதமொன்றைப் புதிய முறைமையில் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தோன்றும். உள்ளம் பதறும், பத்தாண்டு உழைப்பு அழிந்ததென்று பலர் கணினியை அணைத்துவிடுவர். உண்மையில் எதுவும் அழியவில்லை. பாமினியில் தமிழ் என்னும் சொல், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே வைக்கப்பட்டுள்ளது. அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்துவதே அவ்வெழுத்துருவின் தொழில். போர்வை இல்லாத கணினியில் உள்ளிருப்பது அப்படியே வெளித்தெரிகின்றது; அவ்வளவே. பழைய கணினியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துப் புதியதில் நிறுவினால் தமிழ் மீண்டும் தோன்றும். சிங்களத்தில் எப்.எம். அபய எழுத்துருவில் வரும் சுற்றுநிருபங்களுக்கும் இதுவே மருந்து.

ஆயினும் நிலையான தீர்வு யுனிகோட் ஆகும். அதில் தமிழ் எழுத்துகளுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட எண்கள் உண்டு. எழுத்துரு மாறினும் எழுத்து மாறாது. பாமினி ஆவணங்களை யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. புதிதாக எழுதுவனவற்றை யுனிகோட்டிலேயே எழுதுங்கள். தட்டச்சுப் பொறியில் பழகிய எழுதுவினைஞர் றெங்கநாதன் அமைப்பை வைத்துக்கொள்ளலாம். 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ் 99 அமைப்பை இளையோர் விரைவிற் பழகலாம். ஆங்கில ஒலிவழி எழுதுவாரும் அவ்வாறே எழுதலாம். முறைமையின் மொழி அமைப்புகளில் வேண்டியதைச் சேர்த்தாற் போதும். திரைச் சொற்களையே தமிழிற் காணவும் வழியுண்டு. 1990களின் இறுதி தொட்டு, இலங்கையிலும் தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழும் தன்னார்வலர் பலர் ஊதியமின்றி லினக்ஸைத் தமிழாக்கி வந்துள்ளனர். எல்லாச் சொல்லும் இன்னும் தமிழாகவில்லை. ஆயினும், ஒரு நிறுவனத்தின் இசைவுக்குக் காத்திராமல் நம் மொழியை நாமே ஏற்ற இயன்றமை பெரிதன்றோ?

இனி, தவறு நேரும்போது செய்யவேண்டுவதைச் சொல்வேன். திரையில் எச்சரிக்கையொன்று தோன்றியதும் அதனைப் படியாமலே மூடுவது நம்மிற் பலரது இயல்பு. வைத்தியர் எழுதித் தந்த துண்டைப் படியாமற் கிழித்துவிட்டு நோய் தீரவில்லையே என்பதை ஒக்கும் அது. அச்சொற்களை எழுத்துப் பிசகாமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள். தொலைபேசியாற் படமெடுப்பினும் நன்று. பிறரிடம் உதவி கேட்கும்போது மூன்றைச் சொல்லுங்கள்: நான் இன்னது செய்தேன், இன்னது நிகழுமென எதிர்பார்த்தேன், இன்னது நிகழ்ந்தது. கணினி வேலை செய்யவில்லை என்னும் ஒரே வாக்கியத்துக்கு எந்த அறிஞராலும் விடை கூற முடியாது.

லினக்ஸ் என்றதும் கருந்திரையில் கட்டளைகளை எழுதவேண்டும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. நாளாந்த வேலைகளுக்கு அது இன்று தேவையில்லை. சுட்டியாலேயே யாவும் முடியும். ஆயினும் கற்க விரும்புவோர், எங்கே இருக்கின்றேன் என்று கேட்பதற்கும், இங்கே என்ன உள்ளது என்று கேட்பதற்கும் உரிய கட்டளைகள் இரண்டை முதலிற் கற்கட்டும். அவை எதனையும் மாற்றா. கேட்டால் விடை சொல்லும், அவ்வளவே. அழிக்கும் கட்டளைகளை இறுதியிற் கற்பதே நன்று. இணையத்தில் எவரோ எழுதிய கட்டளையைப் பொருள் அறியாமல் எழுதி, அதற்குக் கடவுச்சொல்லும் கொடுத்தல், படியாத பத்திரத்திற் கையொப்பம் இடுதலுக்கு நிகராகும்.

லினக்ஸால் எல்லாம் இயலும் என்று சொல்ல நான் வரவில்லை. சில அலுவலக மென்பொருள்களும், சில அச்சுப்பொறிகளும், விண்டோஸிற்கென்றே எழுதிய விளையாட்டுகள் சிலவும் அதில் ஓடா. ஆகவே பாடசாலை அலுவலகத்தின் ஒரே கணினியை, அதுவும் பரீட்சை விண்ணப்பங்கள் அனுப்பும் காலத்தில், மாற்றிவிடுதல் விவேகமன்று. விடுமுறையில் ஒரு கணினியில் தொடங்குங்கள். ஒரே கணினியில் இரு முறைமைகளையும் வைத்து, முடுக்கும்போது வேண்டியதைத் தெரியவும் கூடும். ஆறு மாதம் பழகியபின் மற்றவற்றைப் பற்றி முடிவு செய்யலாம்.

அயல்நாட்டு அனுபவமும் இதனையே காட்டுகின்றது. கேரள அரசு 2001ஆம் ஆண்டில் ஐ.டி. அற் ஸ்கூல் என்னும் திட்டத்தைத் தொடங்கிப் பின்னர் அரச பாடசாலைக் கணினிகளை லினக்ஸிற்கு மாற்றியது. அங்கு வெற்றிக்கு அடிப்படையாயிருந்தது யாதெனில், ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களே பயிற்சி அளித்தமையாகும். தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2007ஆம் ஆண்டளவில் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸிற்குக் கொண்டுவந்தது. நம் நாடும் பின்தங்கியதன்று. கடற்கோள் நிகழ்ந்த சில நாள்களில், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்யவென இலங்கைத் தன்னார்வலர்கள் சஹன என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். திறந்த மூலக் கருவிகளைக் கொண்டு ஆக்கி, எவரும் எடுத்தாள வழங்கப்பட்டமையால், அது 2005இல் பாகிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டியில் நேர்ந்த நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய, சமூகப் பயன்பாட்டுத் திட்டங்களுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதும் அதற்குக் கிடைத்தது. நம் துயரில் விளைந்த கருவி பிறர் துயருக்கு உதவியது. மென்பொருளைப் பயன்படுத்துவாராய் மட்டும் நில்லாது ஆக்குவாராகவும் நம் பிள்ளைகள் வளரலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒன்று சொல்ல விரும்புகின்றேன். நீல நிறப் பெட்டியை அழுத்து, மூன்றாவது படத்தை அழுத்து என்று கற்ற பிள்ளை, படம் இடம்மாறிய அன்றே கலங்கி நிற்கும். சொல்முறைவழிப்படுத்தல் என்றால் என்ன, கோப்பு என்றால் என்ன, கோப்புறை ஏன் வேண்டும் என்று கருத்தைக் கற்ற பிள்ளை, எந்தக் கணினியின் முன்னும் அஞ்சாது அமரும். இரண்டு முறைமைகளைக் கண்ட பிள்ளைக்கே, இரண்டிற்கும் பொதுவானது எது, ஒன்றிற்கு மட்டும் உரியது எது என்பது விளங்கும். இரு மொழி அறிந்தவனுக்கே இலக்கணம் தெளிவாவது போன்றது அது. க.பொ.த. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும், அதன்பின் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ மேற்படிப்புக்குச் செல்லும்போதும், தொழில் தேடும்போதும் இத்தெளிவே அவர்களுக்குக் கைகொடுக்கும்.

பாடசாலைகள் பலவற்றிற் கணினி அறை பூட்டியே கிடக்கின்றது. பிள்ளைகள் தொட்டுப் பழுதாக்கிவிடுவர், இருப்பேட்டில் எழுதிய பொருளுக்கு யார் பொறுப்புச் சொல்வது என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கைவிடப்பட்டதென்று ஒதுக்கிய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, இதனை நீங்கள் தொடலாம், பிழைவிடலாம், கெட்டால் அரைமணி நேரத்தில் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம் என்று பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். பயிற்சி நிலம் ஒன்று கிடைத்தால் நாற்று நடப் பழகாத உழவர் பிள்ளை உண்டா? இருப்பேட்டிற் கழிவென எழுதவிருந்த அப்பொருளே அப்பாடசாலையின் மிகப் பயனுள்ள கணினியாகவும் மாறக்கூடும்.

முதியவர்க்கும் இறுதியாக ஒரு சொல். வயது கற்றலுக்குத் தடையன்று. கை பழகியதை விட மனம் ஒப்பாமையே தடை. நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அருகில் ஒரு கொப்பியை வைத்து, இன்று கற்றது இன்னது என ஒரு வரி எழுதுங்கள். இரண்டாங் கிழமையில் எரிச்சல் மிகும். பழையதற்கே திரும்பிவிடலாம் என்று தோன்றும். அக்கிழமையைக் கடந்துவிட்டால், கை தானாகவே புதிய இடத்துக்குச் செல்வதை ஒருநாள் நீங்களே காண்பீர்கள். ஒரு கடிதத்தை எழுதி, சேமித்து, அச்சிட்டு, உறையிலிட்டு முடித்தபின்னரே, இவ்வளவும் பழகாத கணினியிலன்றோ செய்தோம் என்ற நினைவு உங்களுக்கு வரும்.